வங்கி மேசையில் பணிபுரிபவருக்குப் புரோகிரெசிவ் லென்ஸ் பொருந்துமா?

கேட்பவர்: செம்பூர் வங்கி ஊழியர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 49. கல்லூரிக் காலத்திலிருந்தே இரு கண்களிலும் மைனஸ் 1.50 பவரில் கண்ணாடி அணிந்து வருகிறேன். இப்போது வெள்ளெழுத்தும் சேர்ந்துகொண்டதால், காசோலையில் உள்ள கையெழுத்தை ஒப்பிடக் கண்ணாடியைக் கழற்றுவதும், எதிரே நிற்கும் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்க மறுபடி அணிவதுமாக நாள் முழுவதும் கழிகிறது. மேசையில் அருகருகே இரண்டு கணினித் திரைகள் வேறு இருக்கின்றன.

கண் மருத்துவர் படிப்பதற்கான கூடுதல் பவராக 1.75 எழுதிக் கொடுத்திருக்கிறார். கண்ணாடிக் கடையில் 4,000 ரூபாயில் தொடங்கி 22,000 ரூபாய் வரை தொலைவுக்கும் படிப்பதற்கும் ஒரே லென்ஸாக அமையும் புரோகிரெசிவ் லென்ஸ்களை நான்கு தரங்களில் காட்டி, விலை ஏற ஏறப் பார்வைப் பரப்பு அகலமாகும் என்றார்கள். இந்த வேறுபாடு உண்மையானதுதானா? எனக்குப் பிடித்திருக்கும் பிரேம் உயரம் குறைந்தது, அது போதுமா? தினமும் மும்பையின் ஹார்பர் லைன் ரயிலில் சென்று வருவதால், மாலைக் கூட்டத்தில் நடைமேம்பாலப் படிகளில் இறங்குவதை நினைத்தாலும் சற்று அச்சமாக இருக்கிறது. அனுபவமும் விவரமும் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஆப்டோமெட்ரிஸ்ட், முலுண்ட்

வணக்கம் மேடம். விலையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு, லென்ஸ் எப்படி இயங்குகிறது என்பதைச் சொன்னால்தான் சரியான பதில் கிடைக்கும்.

புரோகிரெசிவ் லென்ஸின் மேற்பகுதியில் தொலைவுக்கான பவரும், கீழ்ப்பகுதியில் படிப்பதற்கான பவரும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய பாதையில் பவர் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போகும். அந்தப் பாதையின் இருபுறமும் உருவங்கள் சற்றுக் கலங்கித் தெரிவதைத் தவிர்க்கவே முடியாது. பாதையில் பவர் எவ்வளவு விரைவாகக் கூடுகிறதோ, பக்கவாட்டில் கலங்கல் ஏறத்தாழ அதைப் போல் இருமடங்கு விரைவாகக் கூடும் என்பதை மின்க்விட்ஸ் என்னும் ஜெர்மானியர் 1963-இல் கணித முறையில் நிறுவினார். 1959-இல் பிரான்சில் வாரிலக்ஸ் என்னும் புரோகிரெசிவ் லென்ஸ் விற்பனைக்கு வந்ததிலிருந்து இன்று வரை எந்த நிறுவனத்தாலும் இந்தக் கலங்கலை நீக்க முடிந்ததில்லை. பாயில் விழுந்த சுருக்கத்தை ஓரிடத்தில் நீவினால் இன்னோரிடத்தில் எழுவதைப் போல, அதை எங்கே ஒதுக்குவது என்பதில்தான் தரங்களுக்கு இடையிலான வேறுபாடு இருக்கிறது. ஆகவே கடைக்காரர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் அது விலையின் அளவுக்கு வளரும் உண்மை அன்று. கீழ்த்தர லென்ஸிலிருந்து நடுத்தரத்துக்கு வரும்போது உணரப்படும் வேறுபாடு, நடுத்தரத்திலிருந்து உச்சத்துக்குப் போகும்போது பலருக்கும் அவ்வளவாகப் புலப்படுவதில்லை என்பதே நான் கண்டது.

பிரேமைப் பற்றி நான் உறுதியாகவே சொல்வேன். கருவிழியின் நடுப்புள்ளியிலிருந்து பிரேமின் கீழ்விளிம்பு வரை 18 மில்லிமீட்டராவது இருக்கட்டும். லென்ஸின் மொத்த உயரம் 30 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். உயரம் குறைந்த பிரேமுக்கென்றே குறுகிய பாதை கொண்ட லென்ஸ்கள் கிடைக்கின்றன. ஆனால் பவர் குறைந்த தூரத்துக்குள் கூட வேண்டியிருப்பதால், திரையைப் பார்க்கும் நடுப்பகுதிதான் அங்கே முதலில் பலியாகும். உங்களுக்கு இன்றியமையாதது அந்த நடுப்பகுதியே.

எத்தனை விலையுயர்ந்த லென்ஸாக இருந்தாலும் அளவு தவறினால் பணம் வீண்தான். மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கருவிழிக்கும் உள்ள தொலைவைத் தனித்தனியாக அளக்க வேண்டும். பலருக்கு இரண்டும் சமமாக இருப்பதில்லை. கருவிழியின் உயரத்தை, பிரேமை முதலில் உங்கள் முகத்துக்கு ஏற்ப வளைத்துச் சரிசெய்து அணிவித்த பிறகு, அளப்பவர் தம் கண்ணை உங்கள் கண்ணுக்கு நேர்மட்டத்தில் வைத்துக் குறிக்க வேண்டும். இவை எதையும் செய்யாமல் பழைய கண்ணாடியின் அளவையே எழுதிக்கொள்ளும் கடையாக இருந்தால், தயங்காமல் வேறு கடைக்குச் செல்லுங்கள். லென்ஸ் தயாராகி வரும்போது அதன் மேல் மையால் இட்ட அடையாளங்கள் இருக்கும். அவற்றைத் துடைப்பதற்கு முன்பு அணிந்து பார்த்து, சிலுவைக் குறி இரு கருவிழிகளின் நடுவிலும் அமைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு திரைகளைப் பொறுத்தவரை, அவற்றைப் பார்க்க மோவாயை உயர்த்த வேண்டியிருந்தால் கழுத்து வலிக்கும் என்பதால், திரைகளின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்கும் கீழே இறக்கிவையுங்கள். மைனஸ் 1.50 உள்ள கண், கண்ணாடியில்லாமலேயே ஏறத்தாழ 67 சென்டிமீட்டர் தொலைவைத் தெளிவாகக் காணும். ஆகவே வாடிக்கையாளர் எவரும் இல்லாத நேரத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்ப்பதில் தவறேதும் இல்லை.

பதில்: மாட்டுங்கா, வயது 71

படிகளைப் பற்றிய உங்கள் அச்சத்தை யாரும் அலட்சியம் செய்துவிடக் கூடாது அம்மா. இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தினால், படிப்பதற்கான கீழ்ப்பகுதி வழியாகவே காலடி தெரியும். அந்தப் பகுதி கைக்கெட்டும் தூரத்துக்கானது என்பதால் படியின் விளிம்பு மங்கிவிடும். மோவாயை மார்போடு ஒட்டத் தாழ்த்தி, லென்ஸின் மேற்பகுதி வழியாகப் படியைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவரை ஒட்டியே நடங்கள்.

என்னைப் போன்ற முதியவர்கள் இன்னொன்றையும் கருத வேண்டும். ஆஸ்திரேலியாவில் நடந்து 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஓர் ஆய்வில், இவ்வகைக் கண்ணாடி அணியும் முதியவர்களுக்கு வெளியில் செல்வதற்கென்று தொலைவுப் பார்வைக் கண்ணாடி தனியாகக் கொடுக்கப்பட்டது. அடிக்கடி வெளியில் சென்று வருபவர்கள் விழுவது அதனால் குறைந்தது. பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பவர்கள் வெளியில் விழுவதோ கூடியது. நான் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் நடப்பவன் என்பதால், வெளியில் தொலைவுக் கண்ணாடியையும் வீட்டில் புரோகிரெசிவையும் அணிகிறேன். உங்கள் பழைய கண்ணாடியின் பவர் மாறவில்லையென்றால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேட்பவர்: செம்பூர் வங்கி ஊழியர்

இருவருக்கும் மிக்க நன்றி. பிரேமை மாற்றிக்கொள்கிறேன். நடுத்தர விலையிலேயே வாங்கவும் முடிவு செய்திருக்கிறேன். பழகும் காலத்தில் பழைய கண்ணாடியை இடையிடையே அணியலாமா? சர்க்கரை நோய்க்கு அண்மையில்தான் மாத்திரை தொடங்கியிருக்கிறேன். அதனால் ஏதேனும் வேறுபாடு உண்டா?

பதில்: ஆப்டோமெட்ரிஸ்ட், முலுண்ட்

பழகுவதற்குச் சிலருக்குச் சில நாட்களும், சிலருக்கு இரண்டு வாரங்கள் வரையும் ஆகும். அதுவரை காலையில் எழுந்ததிலிருந்து புதியதையே அணிந்து, பக்கத்தில் உள்ளதைப் பார்க்கக் கண்ணை ஓட்டாமல் முகத்தையே திருப்புங்கள். கூட்டமான படிகளுக்கு மட்டும் பெரியவர் சொன்னதைப் போலப் பழையதை வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.

சர்க்கரையைப் பற்றி நீங்கள் இப்போது குறிப்பிட்டது மிகவும் நல்லதாயிற்று. இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் நீரின் அளவும் மாறுவதால், பவரே தற்காலிகமாக மாறிவிடக்கூடும். சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களில் இந்த மாற்றம் கூடுதலாகவே இருக்கும். ஆகையால் இன்று லென்ஸுக்கு முன்பணம் கட்டாதீர்கள். சர்க்கரை சில வாரங்கள் ஒரே நிலையில் நின்ற பிறகு பவரை மறுபடி சோதித்து, அந்தச் சீட்டைக் கொண்டு வாங்குங்கள். அதே வருகையில் கண்ணில் மருந்து விட்டு விழித்திரையையும் பார்த்துவிடும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.