மருத்துவர் அறையில் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்னும் பெரியவர்கள்

நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் பெரியவர்கள் மருத்துவரைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து "நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். வீட்டில் படுத்தே கிடந்த கதை அந்த அறைக்குள் வருவதில்லை. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிகிறதா? மருந்தைக் குறைப்பதா, தள்ளிவைப்பதா என்று முடிவெடுக்கும்போது வயதைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம். ஒரு நோட்டு போடுங்கள். கழிப்பறைக்கு நடக்கையில் மூச்சு வாங்க எத்தனை தடவை நிற்கிறார், வாரம் ஒருமுறை எடை, எங்காவது விழுந்தாரா, இவ்வளவு போதும்.

மாத்திரை அட்டைகள் அத்தனையையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூட்டுவலிக்குத் தானாக வாங்கிப் போடும் ஐபுப்ரோஃபென் உட்பட. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது பெமெட்ரெக்ஸெட் என்ற கீமோ மருந்து உடலைவிட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். இரத்த அணுக்கள் சரியும். பெமெட்ரெக்ஸெட் எடுப்பவர் ஃபோலிக் அமிலத்தை முதல் தவணைக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, கடைசித் தவணைக்குப் பின்னும் 21 நாள் தொடர வேண்டும். பி12 ஊசி 9 வாரத்துக்கு ஒன்று. எர்லோடினிப் என்ற நுரையீரல் புற்றுநோய் மாத்திரை எடுப்பவர் நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் போட்டால் எர்லோடினிப் சரியாக உடலில் சேராது.

*

நோட்டில் காய்ச்சலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீமோ காலத்தில் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்க்கலாம் என்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சூடு இறங்கும், கிருமி இறங்காது. தவணை முடிந்து 7 முதல் 14 நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். வயதானவர்களுக்குச் சூடே ஏறாமலும் தொற்று வரும். திடீரென்று ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவது, எழுப்பினாலும் தூங்கிவழிவது: இவற்றை வயசுக் கோளாறு என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இம்யூனோதெரபி, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை என்றால் கணக்கு வேறு. புதிதாக வறட்டு இருமல், மூச்சிரைப்பு, வயிற்றுப்போக்கு எது வந்தாலும் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும் இவை வரலாம்.

*

சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து காதைப் பாதிக்கும். முன்பே காது மந்தமானவர் என்றால் தொடங்குமுன் சொல்லிவிடுங்கள். கார்போபிளாட்டினுக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பார்கள். கேட்காதவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். நன்றாகக் கேட்கும் காது மருத்துவர் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். முதலில் அவர் பேசட்டும், நோட்டை அப்புறம் நீட்டலாம். "இது குணமாக்கவா, கட்டுக்குள் வைக்கவா?" என்ற கேள்வியை அவர் காதுபடக் கேளுங்கள்.