ஓட்டுக்கடியில் ஒரு டைபோல்: காக்ஸ் டவுன் அனுபவம்

பரணில் ஹாம் வானொலி (உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் வானொலி) ஆன்டெனா கட்டினால் வேலை செய்யுமா என்று நண்பர் கேட்டிருந்தார். செய்யும். பெங்களூரு காக்ஸ் டவுனில் நான் வாடகைக்கு இருப்பது பழைய மங்களூர் ஓட்டு வீடு. கூரைமேல் கம்பம் நட வீட்டுக்கார அம்மா ஒப்பவில்லை. "ஓடு ஒன்று நகர்ந்தாலும் மழை உள்ளே வந்துவிடும், தம்பி. பரணில் என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்" என்றார். நியாயமான பேச்சு. மண் ஓட்டை வானொலி அலை எளிதில் கடந்துவிடும். தகரக் கூரையாக இருந்திருந்தால் நான் முயன்றே இருக்க மாட்டேன்.

2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும் ஹாம் வானொலி வழியே செய்திகளை வெளியே சேர்த்ததைப் படித்துத்தான் உரிமம் எடுத்தேன். வாடகை வீடு என்பதற்காக அதைப் பூட்டி வைக்க மனம் வரவில்லை.

நான் பேசுவது 20 மீட்டர் பேண்டில், அதாவது 14 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில். அதற்கு அரை அலை டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த, அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி நீளமுள்ள கம்பி ஆன்டெனா) என்றால் சுமார் 10.1 மீட்டர் கம்பி வேண்டும். முகட்டின் கீழ் கிடைத்தது ஒன்பது மீட்டர்தான். மிச்சத்தை இரு முனைகளிலும் கீழ்நோக்கி மடித்து, நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். ரீப்பரில் கம்பி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முனைகளில்தான் மின்னழுத்தம் அதிகம். அங்கே காய்ந்த மரமும் தூசியும் ஒட்டடையும் இருக்கின்றன. அதனால் 25 வாட்டுக்கு மேல் நான் போவதில்லை.

எஸ்.டபிள்யூ.ஆர். என்பது ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு; 1க்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. முதல் அளவீட்டில் அது 13.8 மெகாஹெர்ட்ஸில்தான் இறங்கியது. மரமும் வீட்டு ஒயரிங்கும் பக்கத்தில் இருந்தால் கம்பி தன் நீளத்தைவிட நீண்டதுபோல நடந்துகொள்ளும். விரற்கடை விரற்கடையாக நறுக்கினேன். ஒவ்வொரு முனையிலும் அரைச் சாண் போனபின் 14.15இல் நின்றது.

என்னை உண்மையில் வாட்டியது இரைச்சல். சிக்னல் வலிமையைக் காட்டும் மீட்டரின் முள் எஸ் 7ஐ விட்டு இறங்கவில்லை. மெல்லிய குரல் எதுவும் கேட்கவில்லை. ஓர் இரவு கருவியை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்தேன். முள் சட்டென்று எஸ் 2க்கு விழுந்தது. ஒவ்வொரு இணைப்பாகப் போட்டுப் பார்த்ததில் வராந்தா எல்.இ.டி. விளக்கும் இன்வெர்ட்டரும் அகப்பட்டன. விளக்கை மாற்றினேன். இன்வெர்ட்டர் ஒயரிலும் கோஆக்சியல் கேபிளிலும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையங்கள் போட்டேன். கம்பியைக் கட்டும் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். எனக்கு இரண்டு வாரம் வீணாயிற்று.

மறுநாள் மாலை டெல்லியிலிருந்து ஒருவர் "ஐந்து ஒன்பது" (தெளிவாகவும் வலுவாகவும் கேட்கிறது) என்று என் சிக்னலுக்கு மதிப்பெண் கொடுத்தார். மைக்கைப் பிடித்திருந்த என் கை வியர்த்துவிட்டது.

ஓடு நனைந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். 1.3இலிருந்து 1.6க்கு ஏறுகிறது, வெயில் ஏறினால் பழையபடி இறங்கிவிடுகிறது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஏப்ரல், மே மாத இடிமழைதான் வேறு விஷயம். கூரைக்குள் இருப்பதால் மின்னல் தொடாது என்று நம்பாதீர்கள். வானம் கறுத்ததுமே கேபிளைக் கருவியிலிருந்து கழற்றிவிடுகிறேன்.