பைப்புக்குத் தமிழ்: குழாயா, தூம்பா?

கிருஷ்ணகிரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை பாலிடெக்னிக் மாணவர்களுக்கு வகுப்பு. ஒரே கணினியில் ஓடும் இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ள வழி அமைப்பதுதான் பாடம். நாளை ராத்திரிக்குள் பாடக்குறிப்பை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த வழிகளில் பகிர்வு நினைவகம் (இரண்டும் சேர்ந்து பயன்படுத்தும் நினைவகம்), செய்தி வரிசை (செய்திகளை வரிசையில் போட்டு எடுப்பது) இரண்டின் பெயரிலும் சிக்கலில்லை. ஒரு நிரல் எழுதும் தரவை இன்னொரு நிரல் படிக்க வழிவிடும் பைப்பின் பெயரில்தான் நிற்கிறேன். போன வருடம் 'குழாய்' என்று எழுதினேன். ஒரு பையன் தேர்வில் 'குழாயைத் திறந்ததும் தரவு கொட்டும்' என்று எழுதியிருந்தான். அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நம் தெருவில் குழாய் என்றால் ஒகேனக்கல் தண்ணீர் பிடிக்கிற குழாய்தானே. வேறு சொல் உண்டா?

அரூரிலிருந்து:

குழாயே போதும், மேடம். 1964இல் கணினி அறிஞர் டக் மெக்கில்ராய் இந்த யோசனையை எழுதியபோதே, தோட்டத்து ஹோஸை இன்னொரு துண்டோடு திருகி இணைப்பதுபோல நிரல்களை இணைக்க வழி வேண்டும் என்றுதான் சொன்னார். 1973இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸ் இயங்குதளத்தில் செய்துகாட்டினார். அப்போதிருந்து அது குழாய்தான். ஒரு பையன் தவறாக எழுதினான் என்பதற்காகப் பேரை மாற்ற வேண்டுமா?

பென்னாகரத்திலிருந்து:

'தூம்பு' இருக்கிறதே! துளை, தொளை, தும்பிக்கை, தூம்பு எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் எண்ணம். மூங்கிலுக்கும் தூம்பு என்று பெயர், ஏரி மதகுக்கும் தூம்பு. மலைபடுகடாத்தில் 'களிற்றுயிர்த் தூம்பு' வருகிறது, யானை பெருமூச்சு விடுவதுபோல ஒலிக்கும் கருவி அது. தும்பியையும் இதோடு சேர்க்கலாமா என்று நெடுநாளாக யோசிக்கிறேன், அதைத் தனியாக எழுதுகிறேன். அப்புறம், செய்தி அனுப்புவதைத் 'தூது' என்றே வையுங்கள். அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போனது புறநானூறு 95இல் இருக்கிறது. அதியமானின் தகடூர்க்காரர்கள் (இன்றைய தர்மபுரிப் பக்கம்) நாமே அந்தச் சொல்லை விட்டால் எப்படி?

கிருஷ்ணகிரியிலிருந்து:

தூது அழகான சொல், ஐயா. ஆனால் ஔவை அதியமான் பக்கத்து ஆள். செய்தி வரிசையைப் பார்த்துக்கொள்ளும் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, எந்த நிரலின் பக்கமும் இல்லை. அங்கே பொருந்தவில்லை. தூம்பைப் பற்றி மற்றவர்கள் சொல்லுங்கள்.

ஓசூரிலிருந்து:

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. ஏரி மதகைத் தாத்தா 'தூமு' என்பார். கன்னடத்தில் அதுவே 'தூபு'. தமிழ் நடையில் தடுமாறும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தூம்பு அந்நியமாக இருக்காது. தனித்தமிழ், புழக்கத்தமிழ் சண்டையில் இதைப் பலர் கவனிப்பதில்லை என்பதால் சொல்கிறேன்.

பொருளும் நன்றாக ஒட்டுகிறது. மதகில் தண்ணீர் ஏரியிலிருந்து வயலுக்குப் போகும், திரும்பி ஏறாது. பைப்பிலும் ஒரு முனையில் எழுதலாம், மறுமுனையில் படிக்கலாம், அவ்வளவுதான். பதில் வேண்டுமென்றால் இன்னொரு பைப் போட வேண்டும், அல்லது இரு பக்கமும் அனுப்பவும் பெறவும் முடிகிற சாக்கெட்டுக்குப் போக வேண்டும். லினக்ஸில் வழக்கமாக ஒரு பைப் 65,536 பைட் கொள்ளும். நிறைந்துவிட்டால் எழுதும் நிரல் காத்து நிற்கும், காலியாக இருந்தால் படிக்கும் நிரல் காத்து நிற்கும். படிக்கும் முனையை எல்லோரும் மூடிவிட்ட பிறகும் ஒரு நிரல் எழுதப் போனால், கெர்னல் சிக்னல் அனுப்பும். அதைக் கையாளாத நிரல் அங்கேயே முடிந்துபோகும். வயல்பக்க வாய் அடைபட்ட தூம்பு என்று ஒரு படம் போட்டால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

அரூரிலிருந்து:

எங்கள் பாட்டி புறக்கடைச் சாக்கடை வாயைத்தான் தூம்பு என்பார். அகராதியிலும் அந்தப் பொருள் உண்டு. தெலுங்கு தெரிந்த பிள்ளைக்குச் சரி. ஏரிக்கரையே பார்க்காத தர்மபுரி டவுன் பிள்ளைக்குக் குழாயும் போய், தூம்பும் விளங்காமல், கடைசியில் பைப் என்றுதான் சொல்வான். பெயர் வைத்து உருவாக்கும் பைப்பை ('நேம்டு பைப்') 'பெயருள்ள தூம்பு' என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், யார் வாயில் வரும்?

கிருஷ்ணகிரியிலிருந்து:

நேரம் ஆகிவிட்டது. அச்சுக்குத் தூம்பு என்றே கொடுக்கிறேன். முதல் பக்கத்தில் மட்டும் 'பைப் எனப்படும் தூம்பு' என்று வரும், மதகுப் படமும் உண்டு. அரூர் சார் சொன்ன சாக்கடைப் பொருள் எனக்கும் உறுத்துகிறது. மாணவர்கள் சிரித்தால் அடுத்த வருடம் மறுபடியும் கேட்கிறேன்.

அரூரிலிருந்து:

என் வகுப்பில் குழாய் என்றே நடத்துவேன், மன்னிக்கவும். சாக்கெட்டுக்குப் 'பொருத்துவாய்' என்று அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள், மேடம். எனக்கு அதில் மறுப்பு இருக்கிறது, ராத்திரி எழுதுகிறேன்.