ராமேஸ்வரத்துக்கு சைக்கிளில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். ஒரு சிறுவனின் சிகிச்சைக்கு நிதி திரட்ட, நண்பர்கள் நாலு பேர் மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு சைக்கிள் மிதிக்கப் போகிறோம். சுமார் 170 கிலோமீட்டர். எல்லாரும் நாற்பதைத் தாண்டிய புதுசுகள். விடிகாலையில் அழகர்கோவில் சாலையில் பயிற்சி. மிதிப்பதைவிட வாழைப்பழத்தைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

தூரம்கூடப் பயமில்லை. பரமக்குடிக்கு அப்புறம் எதிர்க்காற்று ஆளைத் தள்ளும் என்கிறார்களே, எந்த மாதத்தில் குறைவாக இருக்கும்? ஒரே நாளில் முடியுமா, ராமநாதபுரத்தில் தங்கிவிடலாமா?

அப்புறம், எங்கள் கியர் சைக்கிள்களில் ஒன்றில் காற்றடிக்கும் வால்வு ஒல்லி ரகம் (பிரெஸ்டா). தெருமுனைக் கடை பம்பு அதில் உட்காரவே மாட்டேன் என்கிறது. அதற்கான பித்தளை அடாப்டர் மதுரையில் எங்கே கிடைக்கும்?

ஆறடி ஆளுக்குப் பொருந்தும் சைக்கிள் யார் வீட்டிலாவது சும்மா நின்றால் இரவல் கொடுங்கள். சர்வீஸ் செய்தே திருப்பித் தருவோம்.