நடுநிலைப் பள்ளிக்கு டேப்லெட்டா, கம்ப்யூட்டரா?

பொருநைக்கரை:
அம்பாசமுத்திரம் பக்கத்தில் நாங்கள் படித்த உதவி பெறும் நடுநிலைப் பள்ளிக்கு, முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு கணினி அறை அமைத்துக் கொடுக்க எண்ணியிருக்கிறோம். சேர்ந்திருக்கும் தொகைக்கு இருபது டேப்லெட் வாங்கலாம். அல்லது மேசை, யூபிஎஸ், வயரிங் எல்லாம் சேர்த்துப் பத்து சிஸ்டம் வாங்கலாம். டேப்லெட் என்றால் தனி அறையே வேண்டாம், வகுப்புக்கு எடுத்துப் போகலாம், தொடுதிரை பிள்ளைகளுக்குப் புதிதும் அல்ல என்று எங்களில் பாதிப்பேர் சொல்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு எது பயன்படும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பாளை டீச்சர்:
நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் நடத்துகிறேன். உங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் போன்றவர்கள்தாம் பிறகு எங்களிடம் வருகிறார்கள். யூடியூபில் எதையும் நொடியில் தேடி எடுத்துவிடுகிற பிள்ளைக்கு, தான் சேமித்த கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கேட்டால் விழிக்கத் தோன்றுகிறதே தவிர பதில் வருவதில்லை, ஏனென்றால் கைபேசி அந்தக் கேள்வியை அவர்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை. பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைதான் என்று நிரல் எழுதும் மொழிகள் பாடத்திட்டத்தில் இருக்கையில், அரைப்புள்ளி எந்தப் பொத்தானில் இருக்கிறது என்று தேடுவதிலேயே ஆய்வக நேரம் கரைந்துவிடுகிறது. தமிழ்த் தட்டச்சும் அப்படியே. 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்களில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால், இரு கைகளும் மாறி மாறி ஓடும். கண்ணாடித் திரையை ஒற்றை விரலால் தட்டுகிற பிள்ளைக்கு அந்தப் பழக்கம் வராது. எட்டாம் வகுப்புக்குள் ஒரு பக்கக் கட்டுரையைத் தானே தட்டச்சு செய்து, திருத்தி, அச்செடுக்கத் தெரிந்தால் அதுவே பெரிய காரியம்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பள்ளி மாவட்டம் 2013இல் மாணவர் எல்லாருக்கும் ஐபேட் கொடுக்கத் தொடங்கி, பிள்ளைகள் சில நாள்களிலேயே அதிலிருந்த இணையக் கட்டுப்பாட்டை உடைத்துவிட, மறு ஆண்டே அந்த ஒப்பந்தத்தை நிறுத்திக்கொண்டது. அவ்வளவு பணமுள்ளவர்களே தடுமாறினார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைக்கு ஒரு சிஸ்டம் என்றாலும் குறையில்லை; ஒருவர் தட்டும்போது மற்றவர் பிழையைப் பார்த்துச் சொல்வார்.

சர்வீஸ் கடை:
டீச்சர் படிப்பைச் சொல்லிவிட்டார்கள், நான் ரிப்பேரைச் சொல்கிறேன். முழுப்பரீட்சை லீவில் சார்ஜ் இறங்கிய டேப்லெட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஜூனில் எடுத்தால் சிலவற்றில் பாட்டரி உப்பித் திரையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பசை போட்டு ஒட்டிய திரையைக் கழற்றுவதற்குள் பாதி உடைந்துவிடும். புதுத் திரையின் விலைக்குக் கொஞ்சம் சேர்த்தால் புது டேப்லெட்டே வந்துவிடும். சிஸ்டத்திலும் லீவு முடிந்து பிரச்சினை வரும்: தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும், இணையதளம் ஒன்றும் திறக்காது, நெட் போய்விட்டது என்று போன் செய்வார்கள். மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற சிறு பாட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் வேலை முடிந்தது. கீபோர்டு, ரேம், எஸ்எஸ்டி எல்லாம் தனித்தனியாக மாற்றக்கூடியவை. எலி வயரைக் கடிப்பது மட்டும் இரவில் அறையைப் பூட்டினாலும் நிற்காது. வயர்களைப் பிவிசி பட்டைக்குள் ஓட்டச் சொல்லுங்கள்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர்:
இருவரும் டேப்லெட்டை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீர்கள். பாடநூலில் இருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, தாவர செல்லின் காணொலியை நாலு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பதற்கும், இன்னும் எழுதப் பழகாத சிறு பிள்ளைகள் விரலால் எழுத்து வரைவதற்கும் டேப்லெட்டுக்கு இணை இல்லை. பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரையும் பிள்ளைகள் இருப்பார்களே, அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லையா?

பொருநைக்கரை:
டீச்சர் சொல்வது நியாயம்தான். எட்டு சிஸ்டம், மீதிப் பணத்துக்குச் சின்ன வகுப்புகளுக்கு நாலு டேப்லெட் என்று குழுவில் பேசிப் பார்க்கிறோம். அண்ணாச்சி, இன்னொரு சந்தேகம்: அவர்கள் ஒதுக்கும் அறை தரைத்தளத்தில், ஆற்றுப் பக்கம் இருக்கிறது. பரவாயில்லையா?

சர்வீஸ் கடை:
வேண்டாம் தம்பி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சேறு புகுந்த சிபியுக்களைக் கடையில் வரிசையாக வைத்துக் கழுவியவன் நான், பெரும்பாலானவை தேறவில்லை. மாடியில் ஓர் அறை கேளுங்கள், கிடைக்காவிட்டால் சிபியு, யூபிஎஸ் இரண்டையும் மேசைக்கு மேலேயே வையுங்கள். கொட்டேஷன் வாங்கும்போது, பள்ளிக்கே வந்து பார்க்கும் மூன்று வருட வாரண்டியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.