லேக் பவல் படகு: அப்பாவுக்கு முழங்கால் வலி, முடியுமா?

ஒயிட்ஃபீல்ட்வாசி:
செப்டம்பரில் அம்மா, அப்பாவோடு லாஸ் வேகஸ் போகிறோம். அங்கிருந்து காரில் அரிசோனாவின் பேஜ் ஊருக்குப் போய் லேக் பவலில் படகு ஏற ஆசை. ஏறி இறங்காமல் செம்பாறைகளைப் பார்க்க முடியுமா?

அல்சூர்க்காரர்:
தாராளமாக. வேகஸிலிருந்து நாலரை மணி நேரம். சில்க் போர்டு சிக்னலில் நின்று பழகிய நமக்கு அது ஒன்றுமே இல்லை. வாவீப் துறையில் சுற்றுலாப் படகு உண்டு, உட்கார்ந்தபடியே பார்க்கலாம். பாறை அடியில் வெள்ளையாக ஒரு பட்டை ஓடும், போர்வெல் தண்ணீர் நின்ற பக்கெட்டில் படியுமே, அதே மாதிரி. முன்பு தண்ணீர் நின்ற உயரம் அது. 1980இல் முதன்முதலாக நிரம்பிய ஏரி, அப்புறம் வறட்சியில் இறங்கிவிட்டது. பேஜ் பக்கத்தில் லோயர் ஆன்டலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பிளவு உண்டு, அதில் செங்குத்தான இரும்பு ஏணிகள்; அப்பாவுக்கு வேண்டாம்.

கே.ஆர்.புரம் அக்கா:
தம்பி, கடிகாரம் பத்திரம். கோடையில் அரிசோனா நேரத்தை மாற்றாது, பக்கத்து நவஹோ பழங்குடியினர் நிலத்தில் மாற்றுவார்கள். என் போன் தானாக ஒரு மணி நேரம் முன்னே குதித்து, படகுத்துறையில் வெயிலில் காத்துக்கிடந்தோம். பையில் புளியோதரை இருந்தது, பிழைத்தோம்.

ஒயிட்ஃபீல்ட்வாசி:
சரிக்கா, புளியோதரையும் லிஸ்டில் சேர்த்தாச்சு.