பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றிப் பார்த்தபோது: உங்களுக்கு நடந்தது?

நீலவானம்:
போன வருஷம், ராத்திரி முழுக்க மழை பெய்த மறுநாள். செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தின் பெட்ரோல் வடிகால்களில் ஒவ்வொன்றாகக் குப்பியில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்து வந்தேன், எங்கள் விமானத்தில் மொத்தம் 13. வலது இறக்கையில் பிடித்த குப்பியில் அடியில் தண்ணீர் தங்கினால் தெரிகிற கோடு இல்லை, தூசி இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. சரி என்று அடுத்ததற்குக் குனிந்தேன். பயிற்சியாளர் கையைப் பிடித்தார். "நீலம் எங்கே?" விமான பெட்ரோலான 100எல்எல் நீல நிறம் அல்லவா! குப்பி முழுக்கத் தண்ணீர் என்றால் கோடு எப்படித் தெரியும்? டேங்க் மூடியின் ரப்பர் வெடித்து மழைநீர் இறங்கியிருக்கிறது. ஆறு குப்பி வடித்தபின் நீலம் வந்தது, பறந்தோம். அவர் பக்கத்தில் இல்லையென்றால் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

கரிச்சான்:
நீலம் வந்ததும் பறந்தது தப்பு. உங்கள் பயிற்சியாளர் அனுபவசாலியாக இருக்கலாம், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். டேங்க் மூலையில் தங்கிய தண்ணீர் உடனே வடிகாலுக்கு வராது. இறக்கையை மெதுவாக ஆட்டி, வாலைத் தாழ்த்தி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி வடிக்க வேண்டும். அப்புறமும் தண்ணீர் வந்தால் மெக்கானிக் பார்க்காமல் கிளப்பக் கூடாது. மூடி ரப்பரை மாற்றினார்களா? அதைச் சொல்லவே இல்லையே. குப்பியை வெள்ளை இறக்கைக்கு எதிரே பிடியுங்கள், நிறம் பளிச்சென்று தெரியும். செக்லிஸ்ட் நடுவில் யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். ஆயில் பார்க்கும்போது எனக்கு போன் வந்தது, பேசிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இறங்கிப் பார்த்தால் அளவுக்குச்சி திருகாமல் கிடக்கிறது, எஞ்சின் மூடியெல்லாம் ஆயில்.

தட்டான்:
ஓடுபாதையில் நல்ல வேகம் பிடித்தாயிற்று, வேகமானி முள் மட்டும் பூஜ்யத்திலேயே நிற்கிறது. த்ராட்டிலை இழுத்து நிறுத்தினேன், பாதை மிச்சம் இருந்ததால் பிழைத்தேன். வேகமானிக்குக் காற்றழுத்தம் கொடுக்கும் பிட்டோ குழாய்க்கு உறை போடாமல் இரண்டு நாள் விட்டிருந்தோம். காலையில் அதைப் பக்கவாட்டில் பார்த்தேனே தவிர, குனிந்து ஓட்டைக்கு நேரே பார்க்கவில்லை. 1996-இல் டொமினிகன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவில் கிளம்பி 189 பேரோடு கடலில் விழுந்த போயிங் 757 பற்றி வகுப்பில் படித்தவன்தான் நான். அதிலும் பிட்டோ அடைப்புதான், மண்குளவி கூடு கட்டியிருக்கலாம் என்றார்கள். எங்கள் மெக்கானிக் குழாயைக் கழற்றித் தட்டினார். மண்ணும், அதற்குள் சுருண்டு கிடந்த இரண்டு சிலந்திகளும் என் உள்ளங்கையில் விழுந்தன.